இரண்டு புட்டிகளும் ஒரு சுண்டெலியும்



பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், பாடம் முடிந்து யாவரும் சென்றபின் தனித்து நின்று, "ஐயா, குடிப்பழக்கம் தகப்பனாரிடமிருந்து பிள்ளைக்கு வருமா?" என்று வினவினான். அவன் வீட்டு நிலையை நான் அறிவேன். அன்று அறிவுரை கூறினேனேயன்றி விடை கூறினேன் அல்லேன். அவ்வினாவின் ஒரு சிறு பகுதிக்கேனும் விடை தரும் ஆராய்ச்சிகள் சுண்டெலிக் கூண்டில் நடைபெற்றிருக்கின்றன.

நம் மூளையில் ஒரு நரம்பணுவிற்கும் அடுத்ததற்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. செய்தி அதனைப் பெரும்பாலும் வேதிப்பொருள்களின் வாயிலாகவே கடக்கிறது. டோப்பமின் அத்தகையதொரு பொருள். இதனை 1950-களின் இறுதியில் நிறுவிய சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். அவர் முயல்களை அசைவற்றுக் கிடக்கச் செய்யப் பயன்படுத்திய ரெசர்பைன் என்னும் மருந்து, நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரில் உள்ளது!

வந்த டோப்பமினை ஏற்பதற்கு அடுத்த அணுவின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் இருக்கின்றன. டி1 முதல் டி5 வரை அவை ஐவகை. மது உட்சென்றால், விழைவிற்கும் ஊக்கத்திற்கும் உரிய மூளைப் பகுதியில் டோப்பமின் மிகுகிறது. அவ்வாறாயின், ஏற்பிகளுள் ஒன்று இல்லாமற் போனால் யாது நிகழும்?

இதனை அறியக் கூண்டில் இரண்டு புட்டிகளை வைப்பர். ஒன்றில் வெறும் நீர். மற்றதில் மது கலந்த நீர். சுண்டெலி இடப்பக்கத்துப் புட்டியை வெறும் வழக்கத்தால் நாடக்கூடும். ஆதலின் புட்டிகளை அடிக்கடி இடம் மாற்றுவர். எளிய ஏற்பாடுதான், ஆயினும் எத்துணை நேர்மையான ஏற்பாடு!

டி2 ஏற்பிக்குரிய மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றிய ஆய்வொன்று 1998-இல் வெளிவந்தது. அவற்றின் உடன்பிறப்புகள் மதுவை விரும்பிப் பருகின. இவையோ பெரிதும் ஒதுக்கின. மதுவினால் நடமாட்டம் தடுமாறுவதும் இவற்றில் குறைவாகவே இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில், டி4 ஏற்பியற்ற சுண்டெலிகளில் இதற்கு மாறானதொரு நிலை காணப்பட்டது: மதுவின் கிளர்ச்சி அவற்றை மிகுதியாகத் தாக்கியது. டோப்பமின் ஒன்றே, ஏற்கும் வாயில் வேறுபடின் விளைவும் வேறுபடுகிறது.

"டி2 மிகுந்தால் குடியும் மிகும் போலும்" என்று நீங்கள் எண்ணலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் 2001-இல் வெளியான ஆய்வில், குடிக்கப் பழகிய எலிகளின் மூளையில் டி2 ஏற்பிகளைப் பெருக்கியபோது, அவை பருகும் அளவு குறைந்தது. ஏற்பிகள் பழைய அளவிற்குத் திரும்பியதும் குடியும் திரும்பியது. இல்லாவிடினும் குறைவு, மிகுந்தாலும் குறைவு! பிறவியிலேயே ஏற்பியின்றி வளர்ந்த மூளை தன்னை வேறு வகையில் அமைத்துக்கொண்டிருக்கலாம். வளர்ந்த மூளையில் சில நாட்கள் செய்த மாற்றத்தை அதனோடு ஒப்பிடுவது எளிதன்று.

அம்மாணவனுக்கு நான் கூறியிருக்கவேண்டிய விடை இதுவே: மரபிற்குப் பங்கு உண்டு. இரட்டையரை ஆராய்ந்தோர், குடி நோய்க்கு ஆளாவதில் மனிதரிடையே காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை மரபின் கணக்கில் வைக்கின்றனர். அப்பாதியும் ஒரே மரபணுவின் செயலன்று. பலவற்றின் சிறு சிறு பங்குகள் சேர்ந்தது. எஞ்சிய பாதி வீடு, நட்பு, துயரம், கடைத்தெரு ஆகியவற்றைச் சார்ந்தது. சுண்டெலியின் கூண்டில் இவை எவையும் இல்லை.