துரு தேய்ப்பதும் வேலைதான்

குறுவைக்கு ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். அதனால் மே மாதமே டெல்டா பட்டறைகளில் டிராக்டர்கள் வரிசை கட்டிவிடும். சேற்றுழவுக்கு முன் சக்கரங்களைச் சரிசெய்தாக வேண்டும். எடைக்காகப் பின் டயருக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். வால்வு ஓரம் கசியும் அந்தத் தண்ணீர் ரிம்மை உள்ளிருந்து தின்னும்; வெளியிலிருந்து வயல் சேறும் உரமும் தின்னும்.

பட்டறையில் இந்த வேலை இரண்டாகப் பிரியும். ஒருவர் குத்துக்காலிட்டுத் துரு தேய்ப்பார். இன்னொருவர் நின்றபடி ஸ்பிரே கன் பிடிப்பார். கன் பிடிப்பவர் 'பெயின்டர்'. தேய்ப்பவர் நாற்பது வயதானாலும் 'பையன்'. அந்தப் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. எங்களிடம் பேசிய ஒருவர் பதினோரு ஆண்டுகள் ஒரே பட்டறையில் தேய்த்தவர். கன்னைக் கழுவிக் கொடுத்திருக்கிறார், பிடிக்க விட்டதில்லை. கேட்டதற்கு வந்த பதில்: "உனக்கு எதுக்குடா அது?"

இத்தனைக்கும் பெயின்ட் நிற்பதும் உரிவதும் தேய்ப்பவர் கையில் இருக்கிறது. சேற்றையும் கிரீஸையும் முதலில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பிரஷ் அதையும் துருவோடு சேர்த்து இழுகிவிடும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டினால் செதில் துரு உதிரும். ஆனால் பள்ளத்தில் ஒட்டிய துருவை அதே பிரஷ் மெருகேற்றி, இரும்பு போலவே பளபளக்கவும் வைக்கும். அதில் ஏமாறாமல் உப்புத்தாள் எடுப்பவரே வேலைக்காரர். தேய்த்ததைத் தின்னரால் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். இரவு விட்டால் காற்றின் ஈரத்திலேயே மறுபடி துரு படரும். நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட் தடிக்கக் கூடாது; ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தளர்ந்துவிடும்.

நட்டுத் துளையோரம் விரிசல் இருந்தால் முதலில் கண்ணில் படுவது தேய்ப்பவருக்குத்தான். அந்த ரிம்மைக் கழிக்க வேண்டும். பட்டி வைத்து மறைத்தால் ஆபத்து ஓட்டுபவருக்கு. அவரும் பெரும்பாலும் நம் தெருக்காரர். டயர் மாட்டிய ரிம்மில் வெல்டிங் வைக்கச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். காற்றை இறக்கியிருந்தாலும் சூட்டில் டயர் வெடிக்கலாம்.

தூசி தனிக்கதை. முகத்தில் கட்டும் துண்டு துருத்தூளையும் தடுக்காது, தின்னர் நெடியையும் தடுக்காது. பழைய மஞ்சள், ஆரஞ்சு பெயின்டுகளில் ஈயம் இருக்கலாம். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி வீட்டு, அலங்காரப் பெயின்டுகளுக்குத்தான். வாகனப் பெயின்டுக்கு அல்ல. ஆகவே பழைய பெயின்டை நனைத்துத் தேய்ப்பது நல்லது. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

பட்டறைத் தொழிலாளர்களுக்கு, அமைப்புசாரா ஓட்டுநர்களோடு சேர்த்து ஒரு நல வாரியம் இருக்கிறது. எங்களிடம் பேசியவர் பதினோரு ஆண்டுகளில் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. சொந்தப் பட்டறை போட நினைப்பவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஒரு தடவை அலையவிட்டால் மறுபடியும் போங்கள்.

அவர் இந்த மே மாதம் எங்கள் தெரு வேப்பமரத்தடியில் வாடகைக் கம்ப்ரசரோடு வேலையைத் தொடங்கியிருக்கிறார். ஊருக்குள்ளிருந்து ஒரு டிராக்டர் வந்தது. சீட்டில் தேய்ப்புக்குத் தனி, பெயின்டுக்குத் தனி என்று எழுதிக் கொடுத்தார்.

"ஏம்ப்பா, தேய்க்கிறதுக்குமா காசு?"

"அப்ப துரு மேலயே அடிச்சிடட்டுங்களா?"

வந்தவர் சக்கரத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருக்கையிலிருந்து இறங்கி, பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தார்.