அரசு ஊழியரின் குறையும் முறையீடும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

“கால் காசானாலும் கவர்மெண்டுக் காசு” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நம் கல்லூரி மாணவர்களில் பலர் பட்டம் பெற்றவுடன் தேர்வாணையத் தேர்வு எழுதக் காத்திருப்பவர்களே. ஆனால், வேலை கிடைத்த பின் ஊதிய உயர்வு நின்று போனாலோ, செய்யாத குற்றத்திற்குத் தண்டனை வந்தாலோ எங்கே முறையிடுவது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அரசியலமைப்பின் பாதுகாப்பு

அரசு ஊழியருக்கு முதல் அரணாக நிற்பது அரசியலமைப்புச் சட்டத்தின் 311ஆம் பிரிவு. நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் எவரும் ஊழியரை வேலையிலிருந்து நீக்க முடியாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்பளித்த பின்னரே நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ இயலும். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர், நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

நம் மாநில அலுவலகங்களில் ‘17 ஏ’, ‘17 பி’ என்ற சொற்கள் அடிக்கடி காதில் விழும். இவை ஒழுங்கு நடவடிக்கை விதியின் இரு பகுதிகள். முன்னது சிறு தண்டனைக்கு உரியது. ஊழியரின் விளக்கத்தைப் பெற்று முடிவு செய்வது. பின்னது பெருந்தண்டனைக்கு உரியது. குற்றச்சாட்டு வனைந்து முறையான விசாரணை நடத்துவது.

படிப்படியான வழி

தனி ஒருவரின் குறைக்கு முதற்படி, உரிய வழியில் மேலதிகாரிக்கு அனுப்பும் மனு. தண்டனை ஆணை வந்துவிட்டால் அடுத்த படி மேல்முறையீடு. மத்திய அரசு ஊழியருக்கு, 1965ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆணையின் நகல் கிடைத்த நாளிலிருந்து 45 நாட்கள் அவகாசம். மேல்முறையீடு அவரவர் பெயரிலேயே இருக்க வேண்டும்; மரியாதைக் குறைவான சொல் இருத்தல் கூடாது. விதிமுறை பின்பற்றப்பட்டதா, முடிவுக்குச் சான்று உண்டா, தண்டனை குற்றத்திற்கு ஏற்றதா என்ற மூன்றையும் மேல்முறையீட்டு அதிகாரி ஆராய வேண்டும். தண்டனையைக் குறைக்கவும் நீக்கவும் மட்டுமன்றிக் கூட்டவும் அவருக்கு அதிகாரம் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

இதற்கும் மேற்படி நிர்வாகத் தீர்ப்பாயம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்திய தீர்ப்பாயத்தில் ஊழியர் வழக்கறிஞர் இன்றித் தாமே வாதாடலாம். ஆனால் கீழ்ப்படிகளைக் கடந்திருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் வரை பதில் வராவிட்டால் தீர்ப்பாயத்தை நாடலாம். அதற்கு மேல் ஓராண்டுக்குள் வழக்கிட வேண்டும். திரும்பத் திரும்ப மனுப் போடுவதால் அந்தக் காலக்கெடு நீளாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தீர்ப்பாயத்தின் முடிவை உயர் நீதிமன்றம் ஆராயலாம் என்பது 1997ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தமிழ்நாட்டில் 1988இல் தொடங்கிய மாநிலத் தீர்ப்பாயம் பின்னர் கலைக்கப்பட்டதால், நம் மாநில ஊழியர்கள் உயர் நீதிமன்றத்தையே நாடுகின்றனர்.

பலருக்கும் பொதுவான குறை

1960இல் மத்திய அரசு ஊழியர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பின், 1966இல், அரசும் ஊழியர் சங்கங்களும் கூடிப் பேசும் கூட்டு ஆலோசனை அமைப்பு ஏற்பட்டது. ஊதியமும் படிகளும், வார வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றில் உடன்பாடு ஏற்படாவிட்டால் நடுவர் தீர்ப்புக்கு விடலாம்.

2003இல் நம் மாநிலத்தில் வேலைநிறுத்தம் செய்த ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். அவ்வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். வேலைநிறுத்த உரிமை இல்லை என்றால், முறையிடும் வழி அடைபடாமல் இருப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏட்டில் இருப்பது கைக்கு வர

என் தந்தையார் ஓர் அரசு அலுவலகத்தின் இரவுக் காவலர். அவருக்குரிய ஊதிய உயர்வு ஒன்று இரண்டு ஆண்டுகளாக வரவில்லை. மாதந்தோறும் போய்க் கேட்பார், “பார்க்கலாம்” என்பார்கள். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான் ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். நகலில் தேதியிட்ட ஒப்புகை வாங்கி வந்தார். அதன் பிறகே பணிப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தனர். ஒரு பதிவு விடுபட்டிருந்தது. யாரும் அவருக்குப் பகைவர் அல்லர். தாளில் இல்லாத குறை கோப்பில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பர். அலுவலகத்தில் அழுதால் மட்டும் போதாது, எழுதவும் வேண்டும். விதிகள் அனைவருக்கும் பொதுவானவை. ஆனால் 45 நாள் என்ற கெடு, படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. நம் தெருவிலும் துப்புரவுப் பணியாளர், அலுவலக உதவியாளர், சத்துணவு சமையலர் இருப்பார்கள். அவர்களின் குறையைப் பொறுமையாகக் கேட்டு, நாளும் விவரமும் பிழையின்றி ஒரு மனு எழுதிக் கொடுப்போம்; நகல் ஒன்றைப் பத்திரப்படுத்தச் சொல்வோம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம் போன்றோர் பட்டம் வாங்கும் முன்பே செய்யக்கூடிய பணி இது.