அரசர் போனார், பாட்டு போகவில்லை! வெல்ஷ் பழங்கவிதை பற்றி இதெல்லாம் தெரியுமா?

இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி நாடு வேல்ஸ். 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5,38,000 பேர்தான். ஆனால் அந்த மொழிக் கவிதையின் வேர் 1,400 ஆண்டு ஆழம் போகிறது என்கிறார்கள் அறிஞர்கள்! அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. அங்கே கவிஞன் என்பவன் பொழுது போகாமல் பாடியவன் அல்லன். பதவி, ஆசனம், பரிசில், பட்டம் எல்லாம் சட்டப்படி பெற்ற தொழிலாளி. அரண்மனைகள் எரிந்தன, அரசர்கள் மாண்டார்கள், அந்தத் தொழில் மட்டும் மாளவில்லை. எப்படி? வாருங்கள், ஒரே மூச்சில் ஓடிப் பார்த்துவிடுவோம்!

வெல்ஷின் மிகப் பழைய போர்ப்பாட்டு வேல்ஸில் பிறக்கவில்லை, தெரியுமா?

ஆமாம், அது பிறந்தது இன்றைய ஸ்காட்லாந்துப் பக்கம்! 6ஆம் நூற்றாண்டில் வெல்ஷின் முன்னோடி மொழி தெற்கு ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பேசப்பட்டது. இன்றைய எடின்பரோ பகுதியை ஆண்ட கொடோதின் குலத்து அரசன் சுமார் 300 வீரர்களுக்கு ஓராண்டு முழுக்கத் தேன்மது விருந்து வைத்தான். பிறகு கத்ரைத் என்ற இடத்துக்குப் போருக்கு அனுப்பினான். அது இன்றைய யார்க்‌ஷயரில் உள்ள கேட்டரிக் என்பது பலர் கருத்து. கிட்டத்தட்ட எல்லோரும் மாண்டார்கள். அவர்களுக்காக அனெய்ரின் பாடியதாகச் சொல்லப்படும் 'கொடோதின்' கதை சொல்லும் காவியம் அன்று. மாண்டவர்களைத் தனித்தனியே எடுத்துப் பாடும் கையறுநிலைகளின் தொகுப்பு. அதில் ஒரு வீரனைப் புகழும்போது, இவன் ஆர்தர் அளவுக்கு இல்லை என்று ஒரு குறிப்பு வருகிறது. அந்த வரி இடைச்செருகல் இல்லையென்றால், ஆர்தர் மன்னனைப் பற்றி உலகுக்குக் கிடைத்த முதல் குறிப்பே அதுதான்!

சாவுப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு தாலாட்டு!

அந்தக் 'கொடோதின்' சுவடியில், ரத்தமும் ஈட்டியுமாகப் போகும் பாட்டுகளுக்கு இடையே, திடீரென்று ஒரு குழந்தைப் பாட்டு தலைகாட்டுகிறது. தினோகாத் என்ற குழந்தையின் மரநாய்த் தோல் சட்டையையும், தோளில் ஈட்டியோடு வேட்டைக்குப் போன அப்பாவையும், அவர் கூப்பிடும் கிஃப், காஃப் என்ற இரண்டு நாய்களையும் பாடும் பாட்டு அது. போருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படியெடுத்தவர் கைதவறிச் சேர்த்திருக்க வேண்டும். அந்தத் தவறுக்கு ஆயிரம் நன்றி!

எழுத்தில் தப்பிய மிகப் பழைய வெல்ஷ் கவிதை எங்கே இருந்தது?

ஒரு லத்தீன் நூலின் ஓரத்தில்! யூவென்கஸ் என்பவர் நற்செய்தியை லத்தீனில் பாடிய நூலின் கையெழுத்துப் பிரதி ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்க ஓரங்களில், 9 அல்லது 10ஆம் நூற்றாண்டில், யாரோ 12 வெல்ஷ் பாக்களைக் கிறுக்கி வைத்தார்கள். அவற்றில் ஒன்பது கடவுளைப் பற்றியவை. மற்ற மூன்றும் படையை இழந்து, ஒரே ஒரு துணையோடு, மதுவிலும் மனம் செல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு தலைவனின் புலம்பல். வேதநூலின் விளிம்பில் ஒரு போர்வீரனின் சோகம்!

தங்கையின் குரலில் ஒரு நாட்டின் அழிவு

கின்திலான் என்ற போவிஸ் நாட்டு இளவரசன் கொல்லப்படுகிறான், அரண்மனை பாழாகிறது. அதைப் பாடுபவள் அவன் தங்கை ஹெலெத். உடன்பிறந்தோர் எல்லோரையும் இழந்து, விளக்கும் நெருப்பும் இல்லாத கூடத்தைப் பார்த்து, அழிவுக்குத் தன் வாய்ச்சொல்லே காரணம் என்று தன்னையே நொந்துகொள்கிறாள். நிகழ்ச்சி 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாட்டு அதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டுக்குப் பிந்தியது. இயற்றியவர் பெயர் இல்லை. ஆனால் வெல்ஷ் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஹெலெத்தைத் தெரியும்!

மந்திரவாதி மெர்லின் முதலில் பன்றிக்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தார்!

கூம்புத் தொப்பியும் மந்திரக்கோலும் பிற்காலச் சரக்கு. பழைய வெல்ஷ் பாட்டில் அவர் மிர்தின். 573இல் நடந்ததாக ஆண்டுக்குறிப்புகள் சொல்லும் ஆர்வ்தெரித் போரில் தன் தலைவனை இழந்து, சித்தம் கலங்கிக் காட்டுக்குள் ஓடியவர். அங்கே ஆப்பிள் மரத்திடமும் பன்றிக்குட்டியிடமும் பேசி வருங்காலம் சொல்கிறார். 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி இந்த மிர்தினை எடுத்து லத்தீனில் மெர்லினாக்கினார். ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டார்!

அழிக்கப்பட்ட முகங்கள் 2015இல் எட்டிப்பார்த்தன, தெரியுமா?

மிர்தின் பாட்டுகள் இருப்பது 'கார்மார்தென் கறுப்புப் புத்தகம்' என்ற சுவடியில். சுமார் 1250இல் ஒரே ஒருவர் எழுதிய 54 தாள்கள். முழுக்க வெல்ஷிலேயே அமைந்து இன்றும் கைவசம் உள்ள சுவடிகளில் இதுவே மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. பின்னாளில் யாரோ அதன் ஓரக் குறிப்புகளைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். 2015இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மிரியா வில்லியம்ஸும் பால் ரஸ்ஸலும் அதைப் புற ஊதா ஒளியில் காட்டினார்கள். அவ்வளவுதான்! சுரண்டிய இடத்திலிருந்து மனித முகங்களும் அதுவரை யாரும் அறியாத பாட்டு வரிகளும் வெளிப்பட்டன.

ராணிக்குப் பாடினால் சத்தம் வரக்கூடாது. இது சட்டம்!

ஹவெல் தா மன்னன் பெயரால் வழங்கும் வெல்ஷ் சட்டத் தொகுப்பு, அரசவையின் 24 அதிகாரிகளில் ஒருவராகப் படைப்புலவரை வைக்கிறது. பதவி ஏற்கும்போது அரசன் யாழ் தருவான். அரசி தங்க மோதிரம் தருவாள். படை கொள்ளைக்குப் போனால் இவரும் கூடப் போய்ப் பாட வேண்டும். கொண்டுவந்த மாடுகளில் இவருக்கும் பங்கு உண்டு. அரசி தன் அறையில் பாட்டுக் கேட்டால் பாட வேண்டியவரும் இவரே. ஆனால் கூடத்தில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் ஆகாதபடி தாழ்ந்த குரலில்! இவருக்கும் மேலே தலைமைப் புலவர். அவர் முதலில் இறைவனைப் பாட வேண்டும், அடுத்ததாக அரசனை.

உலகப் புகழ் பெற்ற கவிதைத் திருவிழாவின் முதல் நாற்காலி 1176இல்!

அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு, ரீஸ் அப் கிரிஃபித் என்ற தென்வேல்ஸ் அரசர் கார்டிகன் கோட்டையில் பெரும் போட்டி வைத்தார். ஓராண்டு முன்பே வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து எங்கும் அறிவிப்பு. பரிசு இரண்டு நாற்காலிகள்: ஒன்று கவிதைக்கு, ஒன்று இசைக்கு. இசை நாற்காலியை ரீஸின் சொந்த அவையைச் சேர்ந்த இளைஞன் வென்றான். கவிதை நாற்காலியோ வடக்கே க்வினெத் நாட்டாருக்குப் போனது. இன்றைய ஐஸ்டெத்வோட் விழாவின் ஆதி இதுதான் என்று வெல்ஷ் மக்கள் சொல்கிறார்கள்.

ஒரு மனிதன் செத்ததற்கு உலகமே முடிந்துவிட்டதாகப் பாடிய புலவர்!

1282 டிசம்பர் 11. வெல்ஷ் இளவரசர் லெவெலின் கில்மெரி அருகே கொல்லப்பட்டார். தலை லண்டனுக்குப் போய் ஊர் பார்க்கத் தொங்கியது. வேல்ஸின் தன்னாட்சி அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. கிரிஃபித் அப் எர் அனாத் கோக் என்ற புலவர் பாடிய கையறுநிலையில் காற்றும் மழையும் கடலும் கருவேல மரங்களும் விண்மீன்களும் ஒன்றாகக் குலைகின்றன, ஊழிக்காலமே வந்துவிடுகிறது! அதைவிட வியப்பு என்ன தெரியுமா? நூற்றுக்கும் மேற்பட்ட அடிகள். முதலிலிருந்து கடைசிவரை ஒரே இயைபு. நெஞ்சு வெடிக்கும் துக்கத்திலும் இலக்கணம் பிசகவில்லை!

மெய்யெழுத்துக்கே பூட்டுப் போட்ட யாப்பு தெரியுமா?

அரசர்கள் போன பிறகும் பாட்டு நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெயர் கெங்ஹானெத். மோனை, எதுகை பழகிய நமக்கே தலை சுற்றும்! ஓர் அடியின் முற்பாதியில் வரும் மெய்யொலிகள், பிற்பாதியிலும் அதே வரிசையில் திரும்பி வர வேண்டும்; உயிரொலி மாறலாம். தமிழில் தோராயமாகச் செய்து பார்த்தால், 'கடலின் மீன், குடிலின் மான்' என்பதுபோல. அடிதோறும், பாட்டு முழுக்க இதுபோன்ற ஒலிக்கட்டு! கெங்ஹானெத்தில் நான்கு வகை உண்டு; மேலே சொன்னது அவற்றில் ஒன்று. 'எங்லின்' என்ற குறும்பாவில் மொத்தமே 30 அசைகள், நான்கு அடிகள். சுமார் 1320களில் எய்னியன் என்ற பாதிரியார் பெயரால் இலக்கண நூல் வந்தது. யாப்பு வகைகள் 24 என்று வரையறுக்கப்பட்டன. ஒரு சொல்லை மாற்றினால் அடியே ஆட்டம் காணும். அதனால் மனப்பாடம் செய்தவர்களும் படியெடுத்தவர்களும் லேசில் கைவைக்க முடியவில்லை.

கோயிலில் பெண்களைப் பார்த்துக் கழுத்துச் சுளுக்கிக்கொண்ட மகாகவி!

14ஆம் நூற்றாண்டின் டாவித் அப் குவிலிம் வெல்ஷின் தலைசிறந்த கவிஞராகப் போற்றப்படுபவர். சுமார் 150 பாட்டுகள் அவருடையவை. கடற்பறவையையும் காற்றையும் காதலிக்குத் தூது விட்டவர். ஆனால் தன்னைத்தானே கேலி செய்வதில் மன்னன்! லான்பதார்ன் தேவாலயத்தில் பலிபீடத்துக்கு முதுகைக் காட்டி, பெண்களையே பார்த்து நின்றதையும், அவர்கள் கிண்டல் செய்ததையும் பாடினார். இன்னொன்றில், விடுதியில் நள்ளிரவில் ஒரு பெண்ணைத் தேடிப் போகும்போது முக்காலியில் கால் இடித்து, மேசையில் தலை மோதி, பித்தளைப் பாத்திரம் உருண்டு, நாய் குரைத்து, பக்கத்தில் தூங்கிய மூன்று ஆங்கிலேயர் திருடன் என்று எழுந்துவிடுகிறார்கள்!

உயிரோடு இருப்பவருக்கே ஒப்பாரி பாடினார்கள்!

அக்காலப் புலவர்களுக்கு இது ஒரு விளையாட்டு. நண்பன் உயிரோடு இருக்கும்போதே கண்ணீர் விட்டுக் கையறுநிலை பாடுவார்கள். இன்னொரு வகை, கேட்கும் பாட்டு: ஒருவரிடம் குதிரையோ வேட்டைநாயோ காளையோ வேண்டும் என்றால், அந்தக் குதிரையை உவமைமேல் உவமையாக அடுக்கிப் பாடுவார்கள். கொடுக்காமல் இருக்க முடியுமா? ஆனால் மெய்யான துயரமும் இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் லூயிஸ் க்ளின் கோத்தி, ஐந்து வயதில் இறந்த தன் மகனுக்காகப் பாடியதைக் கல்நெஞ்சமும் தாங்காது. அதில் குழந்தையின் ஆப்பிளும் மர வாளும் வருகின்றன.

தீர்ப்பையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கவிதை!

ஷோன் எயோஸ் என்ற யாழ் வித்தகர் மதுக்கடைச் சண்டையில் ஒருவரைக் கொன்றுவிட்டார். பழைய வெல்ஷ் சட்டம் என்றால் உயிருக்கு ஈட்டுத்தொகை கட்டி முடித்திருக்கலாம். ஆங்கிலச் சட்டமோ தூக்கில் போட்டது. டாவித் அப் எட்மண்ட் என்ற புலவர் கொதித்துப்போய்ப் பாடினார்: செத்தவர் ஒருவர், இன்னொருவரையும் கொன்றதால் யாருக்கு லாபம்? யாழின் விரல்கள் போய்விட்டனவே! 24 யாப்பு வகைகளைத் திருத்தி இன்னும் கடினமாக்கியவரும் இவரே.

ஆண் புலவர்களை வாயடைக்க வைத்த பெண்!

15ஆம் நூற்றாண்டில் போவிஸ் பகுதியில் வாழ்ந்தவர் க்வெர்வில் மெக்கைன். பெண்ணின் கூந்தல், கண், மார்பு என்று வர்ணிக்கும் ஆண்கள் பெண்குறியை மட்டும் ஏன் பாடாமல் விடுகிறார்கள் என்று கேட்டு, தானே அதைப் போற்றிப் பாடினார்! அடித்த கணவனைச் சபித்து ஓர் எங்லின் பாடினார். அதே க்வெர்வில் ஏசுவின் சிலுவைப்பாட்டை உருக்கமாகப் பாடியவரும்கூட. எல்லாம் அதே கடுமையான யாப்பில்!

அலமாரியில் ஒரு புதையல், அச்சில் ஒரு மோசடி!

அரசவைப் புலவர்களின் பாட்டுகளைத் தொகுத்த, சுமார் 1300ஐச் சேர்ந்த ஹென்ட்ரகாட்ரெத் சுவடி நெடுங்காலம் காணாமல் போயிருந்தது. 1910இல் அதே பெயருடைய மாளிகையின் துணி அலமாரியில் கிடைத்தது! இதற்கு நேர்மாறானது யோலோ மொர்கானூக் என்பவர் கதை. டாவித் அப் குவிலிமின் பாட்டுகள் 1789இல் முதன்முதலாக அச்சேறியபோது, தானே எழுதியவற்றை அவர் பெயரில் நுழைத்துவிட்டார். 20ஆம் நூற்றாண்டில் அறிஞர் ஜி. ஜே. வில்லியம்ஸ் கண்டுபிடிக்கும்வரை உலகம் நம்பியது!

கவிஞனுக்கு உரிமம்!

1567இல் எலிசபெத் அரசி ஆணை பிறப்பித்தார். கவிஞர்கள் என்று சொல்லிக்கொண்டு சோம்பித் திரிபவர்களைக் களைய, கேர்விஸ் ஊரில் தேர்வு. தேறியவருக்குப் பட்டமும் ஊர் ஊராகப் பாடும் உரிமமும். தேறாதவர் வேறு வேலை பார்க்க வேண்டும். வெள்ளி யாழ் ஒன்றும் பரிசாக உண்டு!

இன்றும் நாற்காலி காலியாகலாம்!

ஆண்டுதோறும் தேசிய ஐஸ்டெத்வோடில், கெங்ஹானெத் யாப்பில் நீண்ட கவிதை எழுதி வெல்பவருக்கே நாற்காலி. புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். யாரும் தகுதியில்லை என்று நடுவர்கள் சொன்னால் அந்த ஆண்டு நாற்காலி யாருக்கும் கிடையாது. பிபிசி வெல்ஷ் வானொலியில் 1979 முதல் கவிஞர் அணிகள் மோதும் யாப்புப் போட்டியும் நடக்கிறது.

அரசன், அரண்மனை, தன்னாட்சி மூன்றும் போன பின்னும் ஒரு தொழிலின் விதிகள் ஒரு மொழியைக் காக்கத் துணைநின்றன. கறுப்புப் புத்தகம், ஹென்ட்ரகாட்ரெத் சுவடி, தாலியெசின் என்ற பழம்புலவர் பெயரிலான சுவடி மூன்றையும் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒரு முறை திறந்து, பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்!