ஞானப் பல் வலிக்கிறதா?

மனிதனுக்குப் பல் 32. அவற்றில் கடைசியாக முளைப்பவை நான்கு. மேலே இரண்டு, கீழே இரண்டு. பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் வரும். அறிவு வரும் பருவத்தில் முளைப்பதால் 'ஞானப் பல்' என்று பெயர். சிலருக்கு இது முளைப்பதே இல்லை!

இடம் போதாத பல்

தாடையில் இடம் இருந்தால் பல் நேராக முளைக்கும். இடம் போதாவிட்டால், சாய்ந்து பக்கத்துப் பல்லில் முட்டி நின்றுவிடும். பாதி வெளியே, பாதி ஈறுக்குள்! அந்த இடுக்கில் சோறு தங்கும். சீழ் பிடிக்கும். வாயைத் திறக்க முடியாது.

ஒரு நாள் கூலி

காசிமேட்டில் வலை இழுப்பவருக்கும், துறைமுகத்தில் சுமை தூக்குபவருக்கும் ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே கிராம்புத் தைலம் தடவி, வலி மாத்திரை விழுங்கி நாளைக் கடத்துகிறார்கள்.

வலி அடங்கும். நோய் அடங்காது!

காய்ச்சல், தாடைக்குக் கீழ் வீக்கம், எச்சில் விழுங்க முடியாமை - இவை கண்டால், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீழ் கழுத்தில் இறங்கினால் மூச்சு அடைக்கும். உயிருக்கே ஆபத்து.

பிடுங்கத்தான் வேண்டுமா?

எல்லா ஞானப் பல்லையும் பிடுங்க வேண்டியதில்லை. நோய் இல்லாத பல்லை எடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டிலேயே மருத்துவ விதி வகுத்தார்கள். அடிக்கடி சீழ் பிடித்தாலோ, பக்கத்துப் பல் சொத்தையானாலோ எடுப்பதே நல்லது.

முதலில் எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். கீழ்த்தாடை எலும்புக்குள், உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. பல்லின் வேர் அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று டாக்டர் பார்ப்பார். நரம்பு அடிபட்டால் உதடு மரத்துவிடும்.

பிறகு மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறைக் கீறி, தேவையானால் பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள்.

சென்னை கோட்டை ரெயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953-ல் தொடங்கியது. எண்ணூர், திருவொற்றியூர் மக்கள் ரெயிலில் கடற்கரை நிலையம் வந்து மாறினால், அடுத்த நிலையம் கோட்டை.

எடுத்த பிறகு

* டாக்டர் வைத்த பஞ்சை அரை மணி நேரம் கடித்திருங்கள்.
* முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள்; துப்பாதீர்கள். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம்.
* கன்னத்தில் சூடான ஒத்தடம் வேண்டாம். ஐஸ் ஒத்தடம் கொடுங்கள்.
* ஆறிய கஞ்சி, தயிர் சாதம் சாப்பிடுங்கள்.
* பீடி, சிகரெட், புகையிலை கூடவே கூடாது! குழியில் உறைந்த ரத்தம் கலைந்துபோனால், முன்னைவிடக் கடுமையாக வலிக்கும்.

தொடக்கத்திலேயே காட்டினால் சிறிய வேலையாக முடியும். தள்ளிப்போட்டால், ஒரு நாள் கூலியோடு போகாது!