சேர்ந்து படித்தால் சேர்ந்து உழைக்கலாம்

கொல்கத்தாவிலிருந்து வேலூருக்குச் சிகிச்சைக்காக ரயிலேறும் குடும்பங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நாடறிந்தது. அக்கல்லூரி தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிப் பாடம் கற்பிப்பது அந்த அளவுக்குத் தெரிந்த செய்தியல்ல.

1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை அது. 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று சாலையோர மரத்தடியில் வைத்தியம் பார்த்த மரபு, இன்று மாணவர்களின் கிராம முகாமாகத் தொடர்கிறது. மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி முதலிய துறைகளின் மாணவர்கள் சேர்ந்தே கிராமத்தில் தங்குகிறார்கள். வீடு வீடாகச் சென்று குடிநீர், உணவு, வருமானம், கழிப்பறை வசதி பற்றிக் கேட்டறிகிறார்கள்.

ஏன் சேர்ந்து போக வேண்டும்? காசநோயை எடுத்துக்கொள்வோம். சளியில் கிருமியைக் கண்டுபிடிப்பவர் ஆய்வுக்கூடப் பணியாளர். மருந்து எழுதுபவர் டாக்டர், கொடுப்பவர் மருந்தாளுநர். சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிட, நோயாளி மருந்தை நிறுத்திவிடுகிறார். அது முதலில் தெரியவருவது வீடு தேடிப் போகும் செவிலியருக்குத்தான். அவர் சொல்வதை டாக்டர் காதில் வாங்காவிட்டால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறலாம். ஒருவர் சொல்லை மற்றவர் மதிக்கும் பழக்கம் பட்டம் பெற்றபின் திடீரென்று வராது. மாணவப் பருவத்திலேயே வர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1988இலும் 2010இலும் வெளியிட்ட அறிக்கைகள் இதையே வலியுறுத்தின.

2022இல் தேசிய மருத்துவ ஆணையம், எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கும் திட்டத்தைப் பாடத்தில் சேர்த்தது. நல்ல தொடக்கம். நர்சிங், பார்மசி மாணவர்களும் அவர்களுடன் அதே வீட்டு வாசலில் நின்றால் பயன் பன்மடங்காகும்.

பெற்றோர்களே, பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணத்தோடு இதையும் விசாரியுங்கள்: மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்புகிறார்களா? யாருடன் அனுப்புகிறார்கள்? நம் விழாக்களிலும் டாக்டருக்குப் படிக்கப்போகும் பிள்ளைக்குப் போர்த்தும் பொன்னாடையை நர்சிங் படிக்கப்போகும் பிள்ளைக்கும் போர்த்துவோம். நாளை ஒரு நோயாளியின் உயிரைக் காக்க இருவரும் வேண்டும்.