குச்சிக்கு ஒரு வழி, மருந்துக்கு ஒரு வழி

சிவகிரியிலிருந்து கிழக்கே சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி என்று கரிசல் பூமியில் போனால் வழியில் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் தொழிற்கூடங்களைப் பார்க்கலாம். 1922இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில், மானாவாரி விவசாயத்தை மட்டுமே நம்பியிருந்த இந்த வட்டாரத்தில் ஏராளமான பெண்களுக்குச் சோறு போட்டது. இந்த ஆபீஸ்களில் எந்த வேலைக்குப் பக்கத்தில் எந்த வேலை நடக்கிறது என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

கையால் செய்யும் ஆபீஸில் முதல் வேலை கட்டை அடுக்குவது. வரிப்பள்ளம் வெட்டிய மெல்லிய சட்டங்களில் குச்சிகளை ஒன்றையொன்று தொடாமல் வைத்து, சட்டத்தின் மேல் சட்டமாக அடுக்கி இறுக்குவார்கள். அந்தக் கட்டை அடுத்த அறைக்குப் போகும். குச்சி நுனி முதலில் சூடான மெழுகில் நனையும். மெழுகு இல்லையென்றால் தலை எரிந்ததும் நெருப்பு மரத்தில் பிடிக்காமல் அணைந்துவிடும். பிறகு மருந்தில் முக்கி, காற்றோட்டமான இடத்தில் உலர்த்துவார்கள். காய்ந்த குச்சியைப் பெட்டியில் அடைப்பார்கள்.

பெட்டியின் பக்கவாட்டு மருந்தைப் பல ஆபீஸ்களில் அதற்கும் பிறகுதான் பூசுகிறார்கள்.

குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் கலந்தால் லேசான உரசலே போதும், வெடித்துவிடும். ஆகவே இரண்டு மருந்தையும் தனித்தனி அறையில், தனித்தனிப் பாத்திரத்தில் கலக்க வேண்டும். ஓர் அறையைப் பெருக்கிய துடைப்பம்கூட மற்ற அறைக்குப் போகக் கூடாது. சரக்கு திரும்பி வராமல் முன்னோக்கியே நகர்ந்தால் நடையும் மிச்சம், உயிருக்கும் காப்பு.

சரக்கு நகரும் முறை வேகத்தையும் கூட்டும். அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்டு 1913இல் நகரும் பாதையில் கார் பூட்டத் தொடங்கினார். 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை, அடுத்த ஆண்டுக்குள் 1 மணி 33 நிமிடத்துக்கு இறங்கியது. பொருளைத் தேடி ஆள் நடப்பது நின்று, ஆள் நிற்கும் இடத்துக்குப் பொருள் வந்ததே காரணம்.

ஆனால் தீப்பெட்டி ஆபீஸில் வேகத்தை முடிவுசெய்வது வெயில். மழைக்காலத்தில் மருந்து காயத் தாமதமாகும். அப்போது கட்டை அடுக்க ஆட்களைக் கூட்டினாலும் பெட்டி கூடுதலாக வெளியே வராது. ஈரக் கட்டைகள்தான் தேங்கும். தேங்கியதை நடைபாதையில் இறக்கிவைத்தால், தீப்பிடிக்கும்போது ஆட்கள் ஓடித் தப்பும் வழி அடைபட்டுப்போகும். புது இயந்திரம் வாங்கும் சிறு முதலாளிகள் அதை நிறுத்தக் காலி மூலை தேடுவதற்கு முன், உலர்த்தும் அறை ஒரு நாளைக்கு எத்தனை கட்டை தாங்கும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு மட்டுமே காலையில் அடுக்கச் சொல்ல வேண்டும்.