நீரை வெல்வது எது?

சேர்வராயன் மலைமேல் ஏற்காடு ஏரியில் படகு வலிப்பது என் தந்தையாரின் தொழில். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, ஒரு மாலை தோளைத் தேய்த்துக்கொண்டே, "ஏன்டா, கொஞ்சம் வேகமா வலிச்சா தண்ணி ஏன் இவ்வளவு கனக்குது?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆயினும் அன்று விடை தெரியாமல் விழித்தேன். அவ்விடையைப் பின்னர் பாய்ப்பலகை விளையாட்டில் கண்டேன்.

பாய் பூட்டிய பலகைமேல் நின்றபடி காற்றின் துணையால் நீரில் விரைவதே இவ்விளையாட்டு. பலகையில் இருவகை உண்டு. ஒன்றின் அடியில் மீன்செதில் போன்ற ‘ஃபின்’ இருக்கும். மற்றொன்றில், நீண்ட தண்டின் முனையில் விமான இறக்கை போன்ற ‘ஃபாயில்’ இருக்கும். இவற்றுள் வேகமானது எது?

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இருமடங்கானால் நீரின் தடை சுமார் நான்கு மடங்காகும். படகு எழுப்பும் அலையும் சேர்ந்தால் தடை இன்னும் மிகும். அப்பாவின் தோள்வலிக்குக் காரணம் இதுவே! ஃபாயிலோ இவ்விதியையே துணையாக்கிக் கொள்கிறது. வேகம் இருமடங்கானால் இறக்கையின் மேல்தூக்கு விசையும் நான்கு மடங்காகுமன்றோ? ஆகவே பலகை நீரைவிட்டு எழும்புகிறது. தண்டும் இறக்கைகளும் மட்டுமே நீரில் இருக்கின்றன. மணிக்கு 15 கி.மீ. வீசும் மென்காற்றிலும் இது பறக்கும். அக்காற்றில் ஃபின் பலகை நீரைத் தள்ளிக்கொண்டு தவழும்.

காற்று வலுத்தால் நிலைமை மாறும். ஃபின் பலகையும் நீர்மேல் சறுக்கத் தொடங்கும். அப்போது ஃபாயிலின் தண்டும் இறக்கைகளுமே தடையாகின்றன. மிகுந்த தூக்குவிசையை அடக்குவதும் கடினம். 2015இல் நமீபியாவின் லூடரிட்சில் அந்துவான் அல்போ என்ற பிரெஞ்சு வீரர் ஃபின் பலகையில் 500 மீட்டரை மணிக்கு 98 கி.மீ.க்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் கடந்தார்.

ஆனால் பந்தய நாளில் காற்று நம் சொல் கேட்குமா? 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இருவகைக்கும் போட்டிகள் நடந்தன. ஃபின் கொண்ட ஆர்.எஸ்.எக்ஸ். பலகையில் நம் நாட்டின் எபாத் அலி வெண்கலம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலோ ஃபாயில் பலகைக்கு மட்டுமே இடம். சுருங்கக் கூறின், மென்காற்றில் ஃபாயில். கடுங்காற்றின் உச்ச வேகத்தில் ஃபின்.

விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். "அப்ப அவசரப்படாம வலிக்கணும், அதானே? நான் இத்தனை வருஷமா அப்படித்தானே வலிக்கிறேன்!" என்று சிரித்தார். நான் ஏட்டில் கற்றதை அவர் ஏரியிலேயே கற்றிருந்தார்.